புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் போகும் பெரியவரின் மனம்: வீட்டார் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும்

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டால் வீட்டில் எல்லாரும் ஓட ஆரம்பிக்கிறார்கள். ரத்தம் கொடுக்க ஆள், காப்பீட்டு அட்டை, ஸ்கேன் ஃபைல், இதய டாக்டரின் கையெழுத்து. எழுபது வயதுப் பெரியவரின் மனதுக்கென்று அந்தப் பட்டியலில் ஒரு வேலையும் இருப்பதில்லை. பிறகு மூன்றாம் நாள் இரவு அவர் மூக்குக் குழாயைப் பிடுங்கிவிட்டு "என்னைக் கொல்லப் பாக்குறாங்க" என்று கத்தும்போது கூட இருப்பவர் நடுங்கிப் போகிறார். ஒரு மாதம் கழித்து "இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று அவர் கதிர்வீச்சுக்கு வர மறுத்தால், அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இந்த இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, உடலில் ஏற்பட்ட கோளாறு மூளை வழியாக வெளியே தெரிவது. அதற்கு அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். இரண்டாவது, வாரக்கணக்கில் ஊறி வரும் மனச்சோர்வு. எது எது என்று பிரித்தறிய, பெரியவர் முன்பு எப்படி இருந்தார் என்ற எழுத்துக் குறிப்பு கையில் இருக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

முன்கூட்டியே தேவைப்படும் பொருள்கள் அதிகமில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று. தினம் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர். பெரிய எண்கள் உள்ள சுவர்க் கடிகாரம். சிலேட்டும் பல்பமும். பெயர் எழுதிய மூடி போட்ட டப்பா இரண்டு: ஒன்று மூக்குக்கண்ணாடிக்கும் காது மிஷினுக்கும், இன்னொன்று பல்செட்டுக்கு. காது மிஷினுக்கு மாற்று பேட்டரி. இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர் என்று இரண்டு துணையாட்கள்.

1. இரண்டு வாரம் முன்பே நோட்டைத் தொடங்குங்கள்

முதல் பக்கத்தில் பெரியவரின் வழக்கமான நாள். எத்தனை மணிக்கு எழுவார், பேப்பர் படிப்பாரா, சில்லறைக் கணக்குச் சரியாகப் பார்ப்பாரா, பேரப்பிள்ளைகளின் பெயரைத் தடுமாறாமல் சொல்வாரா, எந்தக் காதில் நன்றாகக் கேட்கும், மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை போகும், இரவில் எத்தனை தரம் எழுவார். பத்து வரி போதும்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு சின்னச் சோதனை. மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: மாடு, சாவி, மழை. அடுத்து வாரக் கிழமைகளை ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கிப் பின்னோக்கிச் சொல்லட்டும். முடித்ததும் அந்த மூன்று சொற்களையும் மறுபடி கேளுங்கள். வந்த பதிலை அப்படியே எழுதுங்கள். இது நோயைக் கண்டுபிடிக்கும் பரீட்சை இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு இதையே கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். முன்பே ஞாபகமறதி இருப்பவருக்கு ஆபரேஷனுக்குப் பின் குழப்பம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், தடுமாற்றம் தெரிந்தால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மூன்றாம் பக்கம்தான் பலரும் மறைக்கும் பக்கம். உள்ளே போகிற எல்லாவற்றையும் எழுத வேண்டும்: மது, பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, மூக்குப்பொடி, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை காபி என்பது உட்பட.

தினமும் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் குடி சட்டென்று நின்றுபோகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். 2 முதல் 4 நாளுக்குள் உயிருக்கே ஆபத்தான பிதற்றல் வரலாம். இது தெரியாத டாக்டர் வேறு காரணத்தைத் தேடி நேரத்தை இழப்பார். தானாகவே திடீரென நிறுத்தச் சொல்லவும் வேண்டாம். முன்கூட்டிச் சொன்னால், படிப்படியாக நிறுத்தும் வழியை டாக்டரே வகுப்பார்.

வருடக்கணக்கில் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும் இதே கதைதான். "அதெல்லாம் எப்பவாவது போடுறது" என்று மகன் சொல்வார். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். புகையிலை நின்ற முதல் மூன்று நாளில் எரிச்சலும் நிலைகொள்ளாமையும் உச்சத்தில் இருக்கும். அறுபது வருடமாக வெற்றிலையில் புகையிலை வைத்து மென்ற பாட்டி ஆபரேஷனுக்கு மறுநாள் எல்லார் மேலும் எரிந்து விழுவதற்கு அது ஒன்றே காரணமாக இருக்கலாம். காபி நின்ற 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி வரலாம்.

2. நோயின் பெயரை அவரிடமே சொல்லுங்கள்

நம் வீடுகளில் அதிகம் தவறு நடக்கும் இடம் இது. "அப்பாவுக்குச் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு" என்று பிள்ளைகள் முன்கூட்டியே போய்க் கேட்டுக்கொள்கிறார்கள். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் புற்றுநோய் வார்டில் படுத்திருக்கும் பெரியவருக்கு அது புற்றுநோய் வார்டு என்று தெரியாமல் இருக்குமா? பக்கத்துக் கட்டில்காரர் சொல்வார், சுவரில் இருக்கும் போர்டு சொல்லும். அவருக்குத் தெரியும் என்பது வீட்டாருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதன்பிறகு அவர் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாகச் சுமக்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. சுயநினைவோடு இருக்கும் ஒருவருடைய ஆபரேஷனுக்குச் சம்மதம் தர வேண்டியவர் அவர்தான். பெற்றோரோ பிள்ளைகளோ அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டால் போதாது என்பதை 2008-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியிருக்கிறது. "சின்னக் கட்டிதான், எடுத்துடுவாங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டு, கண் விழிக்கும்போது பாதித் தாடை இல்லை என்றால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். சாப்பிடு, நட, மருந்து போடு என்று எதைச் சொன்னாலும் அந்த அவநம்பிக்கைதான் முன்னால் வந்து நிற்கும்.

சொல்லும் முறைக்கு ஒரு வரிசை உண்டு.

முதலில் கேளுங்கள்: "டாக்டர் என்னப்பா சொன்னாரு, உங்களுக்கு என்ன தோணுது?" பலர் ஏதோ ஒரு வார்த்தையில் தாங்களே விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். பிறகு எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள். "முழுசா தெரிஞ்சுக்கணுமா, இல்ல என்ன செய்யப் போறாங்கன்னு மட்டும் சொன்னா போதுமா?" வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான், மூத்த மருமகன் அல்ல.

அடுத்து ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "வாயில இருக்கிற புண்ணு கேன்சர்னு ரிப்போர்ட் வந்திருக்குப்பா. எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாரு." அங்கே நிறுத்துங்கள். உடனே தைரியம் சொல்ல வாய் துடிக்கும். பேசாதீர்கள். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ அவர் சும்மா இருக்கட்டும், அழட்டும். அதன்பின் அவர் கேட்கும் முதல் கேள்வி எதுவோ அதுவே அவருடைய பெரிய பயம். "எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டால் அவருக்குப் பணம்தான் பயம். "மறுபடி பேச முடியுமா?" என்றால் குரல். அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

காது மந்தமானவரிடம் வார்டு நடுவில் கத்திச் சொல்லாதீர்கள். தனி அறை கேளுங்கள். காது மிஷினை மாட்டிவிட்டு, முகம் தெரியும்படி எதிரில் உட்காருங்கள்.

3. உடலில் என்ன மாறும் என்பதைக் கண்ணால் பார்க்க வையுங்கள்

சொல்லிக் கேட்பதைவிடத் தொட்டுப் பார்த்தது பயத்தைக் குறைக்கும். உறுப்புக்கு ஏற்றபடி இது மாறும்.

மலக்குடல் ஆபரேஷனில் வயிற்றில் துளையிட்டுப் பை வைக்கப் போகிறார்கள் என்றால், ஸ்டோமா நர்ஸ் (இந்தத் துளையையும் பையையும் கவனிக்கும் நர்ஸ்) முன்கூட்டியே வயிற்றில் இடம் குறிப்பார். அந்த வேளையில் பெரியவர் வழக்கமாகக் கட்டும் வேட்டியையோ புடவையையோ கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்து, இடுப்புக்கட்டு எந்த உயரத்தில் வருகிறது, வயிற்று மடிப்பு எங்கே விழுகிறது என்பதைக் காட்டச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி கவுனில் படுக்கவைத்துக் குறித்தால், வீட்டுக்கு வந்தபின் வேட்டிக்கட்டு சரியாகப் பையின் மேலேயே உட்காரும். பை கழன்று கசிந்தால் அவர் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை நிறுத்திவிடுவார். இப்படி வீட்டில் முடங்கிய பெரியவர்கள் நிறையப் பேர். குறிப்பது சில நிமிட வேலை. விட்டுவிட்டால் அதன் பலனை வருடக்கணக்கில் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

காலிப் பை ஒன்றை வாங்கி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் முழுக்க வயிற்றில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மலக்குடலும் ஆசனவாயும் முழுதாக எடுக்கப்பட்டவருக்கு, பின்புறம் மலம் முட்டுவது போன்ற உணர்வு ஆபரேஷனுக்குப் பிறகும் வரலாம். இல்லாத உறுப்பை மூளை இன்னும் உணர்வதால் வருவது அது. முன்பே சொல்லி வைக்காவிட்டால், தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் பயந்து வெளியே சொல்லாமல் இருப்பார். மார்பகம் எடுக்கப்பட்ட பெண்களுக்கும் இதே போன்ற உணர்வு வருவதுண்டு.

வாய்ப்புற்று ஆபரேஷனில் கழுத்தில் மூச்சுக்குழாய்த் துளை போட வேண்டி வந்தால், அது இருக்கும்வரை பெரும்பாலும் பேச வராது. பலருக்கு அது தற்காலிகம். குரல்வளை முழுவதையும் எடுத்தால் பழைய குரல் திரும்பாது. உணவுக்குழாய் வழியாகப் பேசப் பழகுவது, வால்வு பொருத்துவது, கழுத்தில் வைத்துப் பேசும் கருவி என்று வேறு வழிகள் இருக்கின்றன. இரண்டில் எது என்பதைத் தெளிவாகக் கேட்டு, அப்படியே பெரியவரிடம் சொல்லுங்கள்.

பேச முடியாத நாள்களுக்கு இப்போதே பழக்குங்கள். எழுதத் தெரிந்தவருக்குச் சிலேட்டு. எழுதத் தெரியாதவருக்கு ஒரு அட்டையில் எட்டுப் படம் வரையுங்கள்: தண்ணீர், வலி, சளி உறிஞ்ச வேண்டும், சிறுநீர், மலம், குளிர், திருப்பிப் படுக்க வேண்டும், வீட்டாரைக் கூப்பிடு. எல்லாரும் மறப்பது சளியைத்தான். துளை வழியாகச் சளி அடைக்கும்போது மூச்சு முட்டும். அதைச் சொல்ல வழியில்லாதவருக்கு ஒவ்வொரு நிமிடமும் செத்துப் பிழைப்பதுதான். படத்தைத் தொட்டுக் காட்ட வீட்டிலேயே இரண்டு நாள் பழகட்டும்.

4. பணப் பேச்சை முடித்துவிட்டு உள்ளே அனுப்புங்கள்

"எனக்காக நிலத்தை வித்துடாதீங்க" என்ற கவலையோடு மயக்க ஊசிக்குப் போகும் பெரியவர்கள் அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சைகள் அடங்கும். 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் மத்திய அரசுத் திட்டமும் 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ஒப்புதல் வந்ததும் அந்தத் தாளை அவரிடமே காட்டுங்கள். கையில் இருந்து போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் அவர் மனதில் உண்மையைவிடப் பெரிய தொகை ஓடிக்கொண்டிருக்கும்.

5. முந்தின நாளும் அன்று காலையும்

தாலி, மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். ஆபரேஷனில் பயன்படுத்தும் மின்கருவியால் உலோகம் பட்ட இடத்தில் தீக்காயம் வரலாம் என்பது ஒரு காரணம். ஐம்பது வருடமாகத் தாலியைக் கழற்றாத அம்மாவிடம் காலை ஆறு மணிக்கு, ஆபரேஷன் தியேட்டர் உடுப்பு மாட்டும்போது, "கழட்டுங்கம்மா" என்று அவசரப்படுத்தினால், அவருக்கு அது அபசகுனமாகவே விழும். முந்தின நாளே சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, உலோகம் இல்லாமல் விரலி மஞ்சள் கோத்த மஞ்சள் கயிற்றை வீட்டில் சாமி முன் வைத்துக் கட்டிவிட்டு, அதன்பின் பொன்தாலியைக் கழற்றுங்கள். ஆபரேஷன் கழுத்திலோ மார்பிலோ என்றால் கயிற்றைக் கையில் கட்ட அனுமதி கேளுங்கள். இறுகிப்போன மூக்குத்தியைக் கழற்ற நேரமாகும். இரண்டு நாள் முன்பே எண்ணெய் போட்டுத் தளர்த்திவிடுங்கள்.

பட்டினி விஷயத்தில் தேவைக்கு அதிகமாகப் போய்விடுகிறோம். பொதுவான விதி, திட உணவு 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். தண்ணீர், பால் சேர்க்காத காபி போன்ற தெளிந்த திரவத்தை 2 மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம். "ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சைத் தண்ணி கூடக் கூடாது" என்று வீட்டார் தாங்களாகவே கட்டுப்படுத்தினால், மதியம் ஆபரேஷனுக்குப் போகும் பெரியவர் நாக்கு வறண்டு போய் நிற்பார். நீர் குறைவது பின்னால் வரும் குழப்பத்துக்கு ஒரு தூண்டுகோல். ஆனால் உணவுக்குழாய் அடைப்பு, வயிற்று அடைப்பு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்று மயக்க மருத்துவரிடமே நேரடியாகக் கேளுங்கள்.

கண்ணாடியும் காது மிஷினும் கடைசி நிமிடம்வரை அவரிடமே இருக்க முடியுமா என்று கேளுங்கள். கழற்றியதும் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலையணை உறைக்குள் வைத்துச் சலவைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது.

6. முதல் மூன்று இரவுகள்: டெலிரியம்

இந்த வழிகாட்டியில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஆபரேஷனுக்குப் பின் முதியவர்களுக்கு வரும் திடீர்க் குழப்பத்தை டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள். பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் தொடங்கும். பகலில் நன்றாக இருப்பார், விளக்கு வைத்தபின் ஆளே மாறிவிடுவார். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் பார்க்கும்போது மறுபடி தெளிவாக இருப்பார். ஏறி இறங்கும் இந்தத் தன்மைதான் அதன் முதல் அடையாளம். அதனால்தான் இரவில் பார்த்தவர் காலையில் ரவுண்ட்ஸ் முடியும்வரை இருந்து சொல்ல வேண்டும்.

இரண்டு வகையாகத் தெரியும். சத்தமான வகை எல்லாருக்கும் தெரிந்துவிடும்: சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார், செத்துப்போன அண்ணன் கட்டில் ஓரம் நிற்கிறார் என்பார், குழாயைப் பிடுங்குவார், "வீட்டுக்குப் போறேன்" என்று இறங்குவார். அமைதியான வகை கண்ணில் படாது: கூப்பிட்டால் மெதுவாகக் கண் திறப்பார், கேட்டதற்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போவார், கொடுத்த இட்லி வாயிலேயே இருக்கும். "களைப்பு, நல்லா தூங்கட்டும்" என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். முதியவர்களிடம் அதிகம் தவறவிடப்படுவது இந்த வகைதான்.

தடுப்பதற்குச் செய்ய வேண்டியவை எளியவை, ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

ஐசியூவில் பத்து நிமிடம்தான் விட்டாலும் வரிசை மாறக் கூடாது. முதலில் கண்ணாடியை மாட்டுங்கள். அடுத்து காது மிஷின். பிறகு உங்கள் பெயரைச் சொல்லுங்கள்: "அப்பா, நான் மூத்தவன் வந்திருக்கேன்." "என்னைத் தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள், தெரியாவிட்டால் அவருக்குத்தான் அவமானம். அடுத்து இடமும் நாளும்: "இது ஆஸ்பத்திரி, இன்னைக்கு வியாழக்கிழமை காலை. நேத்து ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு." கடைசியாக, எப்போது திரும்பி வருவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கண்ணும் காதும் இல்லாமல், நேரம் தெரியாமல், எந்நேரமும் எரியும் விளக்கின் கீழ் கிடப்பவருக்கு மூளை தானாகக் கதை கட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியை நீங்கள் நிரப்புகிறீர்கள்.

வார்டுக்கு வந்ததும் கட்டிலில் இருந்து தெரியும் இடத்தில் கடிகாரமும் காலண்டரும் மாட்டுங்கள். காலையில் அவர் கையாலேயே தாளைக் கிழிக்கட்டும். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும். டாக்டர் அனுமதித்த நேரத்திலிருந்து உட்கார வையுங்கள், நடக்க வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் செல்போன் சத்தம், வெளிச்சம், அரட்டை வேண்டாம். யூரின் டியூபை எப்போது எடுக்கலாம் என்று தினமும் கேளுங்கள், தேவையில்லாமல் இருக்கும் குழாய் ஒவ்வொன்றும் குழப்பத்துக்குத் தீனி.

தினம் காலையும் மாலையும் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். பேச முடியாதவரிடம் உங்கள் கையை அழுத்தச் சொல்லிப் பார்க்கலாம்: "நான் செவ்வாய்னு சொல்லும்போது மட்டும் அழுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பத்துக் கிழமைப் பெயர்களை நடுநடுவே செவ்வாய் வரும்படி சொல்லுங்கள். நோட்டின் இரண்டாம் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். முன்பு தடுமாறாதவர் இப்போது நடுவில் விட்டுவிட்டால், சிஸ்டரிடம் "அப்பா ஒரு மாதிரி இருக்காரு" என்று சொல்லாதீர்கள். "ஆபரேஷனுக்கு முன்னாடி சரியா சொன்னாரு, நேத்து ராத்திரியில இருந்து சொல்ல முடியல, டெலிரியமான்னு டாக்டர் பாக்கணும்" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியத்துக்கு யாரும் எழுந்து வர மாட்டார்கள். இரண்டாவதுக்கு டியூட்டி டாக்டர் வருவார்.

வந்ததும் காரணத்தைத் தேட வேண்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்: வலி அடங்கியிருக்கிறதா, சிறுநீர் கட்டியிருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று, ஆக்சிஜன் எவ்வளவு, ரத்தத்தில் சர்க்கரையும் சோடியம் என்ற உப்பும் எவ்வளவு, நெஞ்சிலோ சிறுநீரிலோ தையலிலோ கிருமி சேர்ந்திருக்கிறதா, புதிதாக என்ன மருந்து தொடங்கினார்கள். முதியவருக்குக் கிருமித் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் முதலில் தெரியலாம். குடல் ஆபரேஷன் செய்தவருக்கு இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டாலும் அப்படித் தொடங்கலாம். அதனால்தான் இதை "வயசானா இப்படித்தான்" என்று விடக் கூடாது.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. இரவில் கத்துகிறாரே என்று தூக்க ஊசி கேட்டு நச்சரிக்காதீர்கள். பென்சோடயசெபின் வகைத் தூக்க மருந்துகளும், ஏவில், ஃபெனர்கான் போன்ற ஒவ்வாமை ஊசிகளும் முதியவர்களின் குழப்பத்தை அதிகமாக்கக் கூடியவை. மதுவோ, வருடக்கணக்கில் சாப்பிட்ட அல்பிரசோலம் போன்ற இதே வகை மாத்திரையோ சட்டென்று நின்றதால் வந்த பிதற்றல் மட்டும் விலக்கு. அங்கே பென்சோடயசெபின்தான் சிகிச்சை. நோட்டின் மூன்றாம் பக்கத்தை ஏன் அவ்வளவு வலியுறுத்தினோம் என்பது இங்கே புரியும். டிரமடால் வலி மருந்தும் சிலருக்குக் குழப்பம் தரும், ஆனால் வலியை அடக்காமல் விட்டாலும் குழப்பம் வரும். ஆகவே வலி மருந்தை நிறுத்தச் சொல்லாமல், மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள்.

பிதற்றும் நேரத்தில் வாதாடாதீர்கள். "எறும்பெல்லாம் இல்ல, சும்மா இருங்க" என்றால் பயம் கூடும். "உங்களுக்கு எறும்பு தெரியுதா? எனக்குத் தெரியல. நான் பக்கத்திலதான் இருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்பது போதும். ஒருவர் மட்டும் பேசுங்கள், சின்ன வாக்கியமாக. கையைக் கட்டிப்போட்டால் மூர்க்கம் ஏறும். கை பிடித்து உட்கார ஆள் இருந்தால் பெரும்பாலும் கட்டத் தேவை வராது. வெளியே மந்திரிக்க ஓடுவதற்குள் உள்ளே சோடியம் இறங்கிக்கொண்டிருக்கலாம். திருநீறு பூச வேண்டுமென்றால் பூசுங்கள், டாக்டரைக் கூப்பிட்டுவிட்டுப் பூசுங்கள்.

காரணத்தைச் சரிசெய்தால் பலருக்குச் சில நாளில் தெளியும், சிலருக்கு வாரங்கள் ஆகும். தெளிந்தபின் பலருக்கு நடந்தது துண்டு துண்டாக ஞாபகம் இருக்கும். மருமகளைத் திட்டியது, உடுப்பைக் கழற்றியது எல்லாம் நினைவுக்கு வந்து கூசிப்போவார்கள். அதை வைத்து வீட்டில் சிரிக்காதீர்கள். "ஆபரேஷனால வந்த குழப்பம், நிறையப் பேருக்கு வரும், போயிடுச்சு" என்று ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள்.

7. நான்காம் நாள் முதல் வீடு திரும்பும்வரை

தலை தெளிந்ததும் துக்கம் வரும். அழுகை, எரிச்சல், யாரோடும் பேசாமை எல்லாம் இழப்புக்கு வரும் இயல்பான எதிர்வினை. "அழாதீங்க, உயிர் பொழைச்சீங்களே" என்பதுதான் இங்கே அதிகம் சொல்லப்படும் தவறான வார்த்தை. அது அவர் வாயை அடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து "கஷ்டமாதான் இருக்கும்" என்று சொன்னால் போதும்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதையும் காயத்தைப் பார்ப்பதையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே, சிஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது ஒருமுறை செய்துவிடுங்கள். எப்போது என்பதை அவர் சொல்லட்டும். வார்டில் பார்க்காதவர் வீட்டுக் குளியலறையில் தனியாக முதல் முறை பார்ப்பார், தாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருக்காது. கட்டு மாற்றும்போது வீட்டார் முகத்தைத்தான் அவர் கவனிப்பார். காயத்தைப் பார்க்க உங்களுக்குத் தாங்காது என்றால் முன்பே சொல்லிவிட்டு, தாங்கக்கூடிய ஒருவரை நிறுத்துங்கள்.

8. வீட்டில் முதல் இரண்டு வாரம்

தனித் தட்டு, தனி டம்ளர், பேரப்பிள்ளையைக் கிட்டே விடாமை: இவை மூன்றும் இன்றும் நடக்கின்றன. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. முதல் நாளே குழந்தையை அவர் மடியில் உட்கார வையுங்கள், தையல் இருக்கும் பக்கம் படாமல்.

செய்யக்கூடிய ஒரு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். கீரை ஆய்வது, பால் கணக்கு எழுதுவது, சாமி விளக்குக்குத் திரி போடுவது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு படுக்க வைத்தால் "பாரமாகிட்டேன்" என்ற எண்ணம் உறுதிப்படும். பார்க்க வருபவர்களை மாலை ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறே மாசம்" என்று ஆரம்பிக்கும் விருந்தாளியை வாசலிலேயே பேச்சை மாற்றி அனுப்பலாம், தப்பில்லை.

வெட்டி எடுத்த கட்டியின் ரிப்போர்ட் வரும்வரை உள்ள நாள்கள் கடினமானவை. எந்தத் தேதி வரும், யார் போய் வாங்குவார், அன்றே தனக்குச் சொல்வார்களா என்பதை அவரோடு பேசி முடிவு செய்து காலண்டரில் வட்டம் போடுங்கள்.

9. சோகம் எப்போது நோயாகிறது

தொடர்ந்து இரண்டு வாரம், பெரும்பாலான நேரம் மனம் இருண்டு கிடந்தால், அல்லது பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். முதியவர் பலர் "சோகமா இருக்கு" என்று சொல்ல மாட்டார்கள். உடம்பு வலி, எரிச்சல், "என்னத்தைச் சொல்ல" என்றுதான் வெளிவரும்.

களைப்பு, பசியின்மை, எடை குறைவு ஆகியவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அவை நோயாலும் ஆபரேஷனாலும் வரும். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: பேரன் வந்தும் முகம் மலரவில்லையா, பிடித்த சீரியலைப் போட்டும் திரும்பிப் பார்க்கவில்லையா, தன்னால் குடும்பமே கெட்டது என்கிறாரா, நாளை பற்றிப் பேச்சே இல்லையா. டாக்டர்கள் பயன்படுத்தும் 15 கேள்வி முதியோர் மனச்சோர்வு அளவுகோலும் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆம், இல்லை கேள்விகள்தான். அதில் 5-ம் அதற்கு மேலும் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். வீட்டில் வாரம் ஒருமுறை இப்படிக் கேட்டு நோட்டில் எழுதலாம்: "மனசு கஷ்டம் பூஜ்யத்தில இருந்து பத்துக்குள்ள எவ்வளவு?" 4-ம் அதற்கு மேலும் சொன்னால் மறுபரிசோதனையில் அதைச் சொல்லுங்கள்.

எங்கே போவது? புற்றுநோய் மருத்துவமனையிலேயே மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மையம் போன்ற இடங்களில் இதற்குத் தனித் துறையே உண்டு. இல்லாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. தொலைபேசியில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

மாத்திரை தொடங்கினால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஐந்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதும், தெளிந்ததும் சட்டென்று விடுவதும் தவறு. மனநல டாக்டரிடம் புற்றுநோய் மருந்துகளின் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். உதாரணமாக, மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின் போன்றவை அந்த மருந்து உடலில் வேலை செய்வதைக் குறைக்கலாம். வேறு மாத்திரை கொடுக்க வழி உண்டு. சில மனச்சோர்வு மாத்திரைகள் முதியவர்களுக்குச் சோடியத்தை இறக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை சொன்னால் தட்டாதீர்கள்.

"போய்ச் சேந்தா நல்லது" என்று பெரியவர்கள் சொல்வது நம் வீடுகளில் சாதாரணம். இருந்தாலும், தலை கழுத்துப் புற்றுநோயாளிகளிடமும், தனித்திருக்கும் வயதான ஆண்களிடமும் அந்தப் பேச்சைச் சாதாரணமாக விடக் கூடாது. நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதாப்பா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். கேட்டால் பாரம் இறங்கும். ஆம் என்றாலோ, சாமான்களைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினாலோ, அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டை விட்டு அகற்றுங்கள், மாத்திரைகளை உங்கள் கையில் வைத்து வேளைக்கு வேளை கொடுங்கள், அன்றே மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

10. ஆறு வாரக் கெடுவை மறக்காதீர்கள்

வாய், கழுத்துப் புற்று ஆபரேஷனுக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்பட்டால், 6 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்ட வீடுகளில் "அவரே வேணாங்குறாரு" என்று இந்தக் கெடு தாண்டிப் போய்விடுகிறது. மறுப்பு அவருடைய தெளிவான முடிவா, சோர்வு பேசுகிறதா என்பதைக் காண, நான்காம் வார மறுபரிசோதனைக்கு நோட்டை எடுத்துப் போங்கள்.

"இதுக்கு மேல என்ன ஆகும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று டாக்டர் அவரையே கேட்கட்டும். நோயையும், சிகிச்சை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்பதையும் புரிந்து, நிதானமாகக் காரணம் சொல்லி மறுத்தால், அதை மதிக்க வேண்டியதுதான். "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்பதுதான் காரணம் என்றால், அன்றே மனநல ஆலோசகரையும் பார்த்துவிட்டு, கதிர்வீச்சுத் தேதியை ரத்து செய்யாமல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.